கண்டக்டருக்கு ஒரு வாய்

இரண்டு பேர் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். அந்தச் சாப்பாடு ஒருவருக்கு உடம்பில் ஒட்ட வேண்டும். மற்றவருக்கு அது ஒட்டக் கூடாது. ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் வாயைத் திறக்க மாட்டார். அப்படியானால் அந்தத் தட்டில் எதை வைப்பது? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. தெரிந்தவள் போலத் தினமும் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.

இரண்டு பேரில் சின்னவள் என் மகள். மூன்று வயது இன்னும் நிறையவில்லை. பிறந்ததிலிருந்தே எடை குறைவு. பெரியவர் என் மாமனார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரையும் பிரஷரும் பல வருடமாக உண்டு. சிதம்பரத்தில் வடக்கு வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு. என் கணவர் கடலூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறார். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். பகலில் வீட்டில் இருப்பது நான், மாமா, அத்தை, குழந்தை.

முதலில் கண்டுபிடித்தது குழந்தைதான். மாமா அவளை மடியில் வைத்து முத்தம் கொடுக்கப் போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தாத்தா வாய் பாத்ரூம் வாசம்."

மாமா சிரித்தார். எழுந்து போய்ப் பல் தேய்த்துவிட்டு வந்தார். மறுநாளும் அவள் அதையே சொன்னாள். சாப்பாடு ருசிக்கவில்லை என்று அவர் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தார். "சில்லறைய வாயில ஒதுக்கி வெச்ச மாதிரி இருக்கும்மா" என்பார். கூட்டத்தில் இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது ஒரு காசை உதட்டில் கவ்விக்கொண்டு டிக்கெட் கிழித்தவர் அவர். அந்த ருசி அவருக்குத் தெரியும். நான் அதை வயதின் கோளாறு என்று நினைத்தேன். உப்பு கம்மியாகிவிட்டதோ என்று குழம்பை ருசி பார்த்தேன்.

நான் கடலூரில் விலங்கியல் படித்தவள். யூரியா உருவாகும் சுழற்சியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு வரைந்திருக்கிறேன். மீன் தன் கழிவை அம்மோனியாவாகவே தண்ணீரில் விட்டுவிடும். சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் அதற்குக் கவலை இல்லை. பல்லிக்கும் புறாவுக்கும் அது வெள்ளைக் களிம்பாக வெளியே போகும். மனிதனுக்கு யூரியா. இது எல்லாம் தெரிந்த எனக்கு மாமாவின் வாயில் வந்தது அம்மோனியா வாசம் என்று தோன்றவில்லை. படித்தது வேறு எங்கேயோ இருந்தது, வீடு வேறு எங்கேயோ இருந்தது.

வழக்கம்போல் சர்க்கரைக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் யூரியாவும் கிரியேட்டினினும் ஏறியிருந்தன. கடலூரில் சிறுநீரக மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனோம். அவர் அதிகம் பேசவில்லை. கிட்னி பாதிக்கு மேல் களைத்துவிட்டது, இனி பழைய நிலைக்குத் திரும்பாது, சாப்பாட்டை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் டயாலிசிஸைத் தள்ளிப்போடலாம் என்றார். எவ்வளவு நாள் என்று என் கணவர் கேட்டார். "அது உங்க வீட்டு சமையலைப் பொறுத்தது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை என்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. இன்னும் இறங்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஆலப்பாக்கம் தாண்டியதும் கேட்டார்.

"யூரியான்னா வயல்ல போடறதுதானம்மா? அது எப்படி எனக்குள்ள வந்துச்சு?"

"வெளியில இருந்து வரல மாமா. உடம்பே செய்யுது. பருப்பு, முட்டை, மீன் எல்லாம் சாப்டுறோமில்ல, அதுல இருக்கிற புரோட்டீன்ல உடம்புக்கு வேணுங்கிறது போக மிச்சத்த ஈரல் பிரிக்கும். பிரிச்சா அம்மோனியா வரும். அது ரொம்பக் கெட்டது, அப்படியே ரத்தத்துல சுத்தவிட்டா மூளையக் கெடுத்துடும். அதனால ஈரலே அத யூரியாவா மாத்திடும். யூரியா அவ்வளவு மோசமில்ல. ரத்தத்துல கரைஞ்சு கிட்னிக்குப் போய், மூத்திரத்துல வெளிய போயிடும்."

அவர் இரண்டு விரலை நீட்டிக் காட்டினார்.

"அப்ப ஈரல் ஏத்தி விடறான். கிட்னி எறக்கி விடணும்."

"ஆமா மாமா."

"எறக்கற எடத்துல கண்டக்டர் தூங்கறான். ஏறுனவன் எல்லாம் வண்டியிலயே நிக்கிறான்." டிக்கெட் கேட்டு வந்த இளம் கண்டக்டரை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, நீ தூங்கிடாதப்பா."

அந்தப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு அப்புறம் வருத்தப்பட்டேன்.

மேல்பட்டாம்பாக்கத்தில் இருக்கும் மாமாவின் தம்பி, இன்னமும் கரும்பு வைப்பவர், செய்தி கேட்டுப் பார்க்க வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார். "காலம் பூரா வெறுங்கையால யூரியா தெளிச்சவன் நானு. எனக்கு ஒண்ணும் இல்ல. ஒக்காந்து டிக்கெட் கிழிச்சவனுக்கு யூரியா ஜாஸ்தியாம்."

"உனக்கு எங்கடா ஏறும்? மூள இருந்தாத்தான ஏறும்" என்றார் மாமா. இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். உள்ளே போனதும் தம்பி அத்தையிடம் தனியாக, "அண்ணன் எளைச்சுட்டாரே அண்ணி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து சமையல் வேலை இரண்டு பங்கானது. மாமாவுக்குக் காய்களைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளிக்க வேண்டும். பொட்டாசியம் குறைவதற்காக என்று ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் சொல்லியிருந்தார். எங்களை விடச் சின்னப் பெண், பொறுமையாகச் சொன்னார். பருப்பு குறைவாகக் கொடுங்கள் என்றும் சொன்னார். எவ்வளவு குறைவு என்று ஒரு கரண்டியைக் காட்டினார். அது எங்கள் வீட்டில் ஊறுகாய்க்குப் போடும் கரண்டி.

மாமாவுக்குப் பருப்பில்லாமல் சோறு இறங்காது. அதனால் நானும் அத்தையும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தோம். காயைப் போலவே பருப்பையும் நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டால் என்ன? சத்தெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும். சக்கையை மாமாவுக்குக் கடைந்து கொடுக்கலாம். அந்தத் தண்ணீரைக் கொட்டுவானேன்? குழந்தைக்குக் கொடுப்போம். பருப்புத் தண்ணியில்தான் பலம் இருக்கிறது என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். கடலூர் முதுநகரில் இருக்கும் என் அம்மாவும் போனில் அதையே சொன்னார்: "பருப்புத் தண்ணியில நெய் விட்டுக் கொடு, கொழந்த தேறிடும்." ஒரே குக்கரில் இரண்டு பேருக்கும் வேலை முடிந்தது. அத்தைக்கு அதில் பெருமை. "படிச்ச பொண்ணு, யோசிச்சு செய்யிறா" என்று எதிர் வீட்டில் சொல்லிவைத்தார்.

வாரங்கள் போயின. மாமாவுக்கு யூரியா இறங்கவில்லை. குழந்தைக்கு எடை ஏறவில்லை.

அடுத்த முறை போனபோது, நாங்கள் செய்வதை நான் ஒரு சாதனையைப் போல அந்த உணவு ஆலோசகரிடம் விவரித்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டார்.

"பருப்புல இருக்கிற புரோட்டீன் பெரும்பாலும் பருப்புலதாங்க இருக்கும். தண்ணியில ரொம்பக் கொஞ்சம்தான் வரும்."

"அப்ப..."

"அப்ப சாருக்குப் பருப்பு முழுசாப் போயிருக்கு. பாப்பாவுக்கு மஞ்சத் தண்ணி போயிருக்கு."

அத்தை என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். மாமா மட்டும் சந்தோஷமாக இருந்தார். "நான் அப்பவே நெனச்சேன், சக்கை இவ்ளோ ருசியா இருக்குதேன்னு."

வீட்டுக்கு வந்து மாற்றினோம். கெட்டிப் பருப்பு குழந்தைக்கு. ஊறுகாய்க் கரண்டிப் பருப்பு மாமாவுக்கு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழந்தைக்கு முட்டை. என் தம்பி கடலூர் துறைமுகத்திலிருந்து மீன் கொண்டுவந்தால் முள் பார்த்து அவளுக்கு மட்டும். ஆனால் அவள் சாப்பிட மாட்டாள். வாயில் ஒதுக்கிவைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றுவாள். நான் பின்னாலேயே கிண்ணத்தோடு போவேன். காய் வேகிறதா, தண்ணீர் வடிந்ததா, மாமாவின் மாத்திரை நேரம் ஆயிற்றா என்று மனம் இன்னொரு பக்கம் ஓடும். ஒருநாள் அலுத்துப்போய்க் கிண்ணத்தை ஹாலில் வைத்துவிட்டு சமையலறையில் போய் நின்றேன். மாமா எட்டிப் பார்த்து, "நீ வேலயப் பாரும்மா, நான் ஊட்டறேன்" என்றார்.

அன்று கிண்ணம் காலியாக வந்தது. மறுநாளும் வந்தது. எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. அடுத்த முறை எடை பார்த்தபோது குழந்தைக்கு ஏறியிருந்தது. அங்கன்வாடி டீச்சர், "இப்பதான் கோடு மேல போகுது" என்று அட்டையைக் காட்டினார். நான் போனில் அம்மாவிடம் சொல்லி அழுதேன்.

மாமாவுக்கும் ஏறியிருந்தது. யூரியா.

இது எனக்குப் புரியவில்லை. பருப்பைக் குறைத்தாயிற்று. பால் அரை டம்ளர்தான். முட்டை, மீன், கறி எதுவும் அவர் தட்டில் கிடையாது. எதை விட்டேன்? எங்கே தப்பு? மாலையில் கீழ வீதிப் பக்கம் நடக்கப் போகிறாரே, அங்கே டீக்கடையில் வடை சாப்பிடுகிறாரோ என்று சந்தேகம் வந்தது. அத்தையிடம் மெதுவாகக் கேட்டேன்.

"நான் குடுக்கறன்னு சொல்றியா?" என்றார் அத்தை.

"அப்படிச் சொல்லல அத்த."

"கேக்கறதப் பாத்தா அப்படித்தான் இருக்கு."

இரண்டு நாள் அத்தை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் நான் வெந்த காயைத் திரும்பவும் வேகவைத்தேன்.

பிறகு ஒரு மத்தியானம் கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டர்காரருக்குப் போன் செய்ய ஹாலுக்கு வந்தேன். மாமா பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டிருந்தார். குழந்தை அதற்கு முன்னால் ஒரு எவர்சில்வர் தட்டைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தாள். அதுதான் ஸ்டியரிங். மாமா பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் கிண்ணம்.

"வண்டிகேட், வண்டிகேட். எறங்கறவங்க எல்லாம் எறங்கு. டிரைவருக்கு ஒரு வாய்."

குழந்தை வாயைத் திறந்தாள். முட்டையும் பருப்புச் சோறும் போயிற்று. உடனே திரும்பிக் கிண்ணத்தில் கைவிட்டு ஒரு கவளம் எடுத்தாள்.

"கண்டக்டர் ஒரு வாய்."

மாமா வாயைத் திறந்தார்.

"ரைட், ரைட். அடுத்தது முட்லூர்."

முட்லூரில் ஒன்று, புதுச்சத்திரத்தில் ஒன்று, ஆலப்பாக்கத்தில் ஒன்று. ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரைவருக்கு ஒரு வாய், கண்டக்டருக்கு ஒரு வாய். நான் கதவுக்குப் பக்கத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வண்டி சிப்காட் வந்தபோது மாமா என்னைப் பார்த்துவிட்டார். மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

"மாமா, இத எத்தன நாளா சாப்டுறீங்க?"

"நான் எங்கம்மா சாப்ட்டேன்? கொழந்த ஊட்டுது."

அவர் ஏமாற்றவில்லை, அது எனக்குத் தெரியும். பேத்தி ஊட்டுவது அவருக்குச் சாப்பாட்டுக் கணக்கில் சேராது. மெஸ்ஸில் சாப்பிட்டால், விருந்தில் சாப்பிட்டால், தன் தட்டில் போட்டுச் சாப்பிட்டால்தான் அது சாப்பாடு. குழந்தை கையால் வந்தது விளையாட்டு. ஆனால் ஈரலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. யார் ஊட்டினாலும் அது பிரித்துத்தான் அனுப்பும்.

அத்தை உள்ளே இருந்து வந்து நின்றார். "பாத்தியா? என்னக் கேட்டியே" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மாமாவிடம் திரும்பினார். "பேத்தி சோத்தப் புடுங்கித் திங்க வெக்கமா இல்ல?"

"பேத்திதான்டி புடுங்க உடமாட்டேங்குறா. திணிக்கிறா."

அடுத்த நாளிலிருந்து நான் பிரித்தேன். குழந்தை சாப்பிடும் நேரத்தில் மாமா கோயிலுக்குப் போய் வெளிப் பிரகாரத்தில் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும் என்று ஏற்பாடு. அவரும் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். குழந்தை கிண்ணத்தைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள். "கண்டக்டர் வரல, வண்டி போவாது" என்றாள். அவ்வளவுதான். நான் கண்டக்டராக இருந்து பார்த்தேன். எனக்கு நிறுத்தங்களின் வரிசை தெரியவில்லை, அவள் திருத்தினாள். அத்தை இருந்து பார்த்தார். பக்கத்து வீட்டுக் குழந்தைகளைக் கூட்டிவந்தேன். ஒரு கவளத்துக்கு மேல் போகவில்லை.

மாமா வீட்டிலேயே இருந்துகொண்டு சாப்பிடுவது போல நடித்துப் பார்த்தார். அவள் "வாயத் தொற" என்று உள்ளே பார்த்தாள். வெறும் சோற்றில் மஞ்சள் கலந்து அவருக்கென்று தனிக் கிண்ணம் வைத்தேன். அவள் அதை நகர்த்திவிட்டுத் தன் கிண்ணத்திலிருந்துதான் எடுத்தாள். நல்ல மனசுதான். தனக்குக் கிடைப்பதில் பாதியை எண்ணாமல் கொடுக்கிற மனசு. அதைக் கண்டிக்க என்ன வார்த்தை இருக்கிறது? "தாத்தாவுக்குக் கொடுக்காதே" என்று ஒரு தடவை சத்தம் போட்டேன். அவள் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

குழந்தையின் எடைக்கோடு திரும்பவும் படுத்துவிட்டது. மாமாவின் யூரியா கொஞ்சம் இறங்கியது. மருத்துவர், "நல்லா கண்ட்ரோல் பண்றீங்க" என்று என்னைப் பாராட்டினார். எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கவில்லை.

அந்த முறைதான் மாமா அந்த விஷயத்தைக் கேட்டுவிட்டார். உணவு ஆலோசகர் எங்களுக்கு முன்னால் இருந்த ஒருவரிடம் தினமும் முட்டையின் வெள்ளைக்கரு சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்ததும் மாமா விடவில்லை.

"அவருக்கும் கிட்னிதானம்மா? அவருக்கு மட்டும் முட்டையா?"

"அவர் டயாலிசிஸ்ல இருக்காருங்க. மெஷின்ல யூரியாவோட கொஞ்சம் புரோட்டீனும் போயிடும். அதனால அவங்க சாப்பிட்டே ஆகணும்."

மாமாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். பஸ் பாஸ் கிடைத்த மாணவனின் முகம்.

"அப்ப மெஷினுக்குப் போயிட்டா நான் சாப்புடலாம்."

"சார், அப்படி யோசிக்கக் கூடாது."

வெளியே வந்ததும் வெள்ளைக்கரு மனிதரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் லால்பேட்டைக்காரர். வாரத்தில் மூன்று முறை வந்து போகிறவர். மாமா தன் திட்டத்தைச் சொன்னார். அந்தப் பெரியவர் கையால் முகத்தைத் தடவிக்கொண்டார்.

"முட்டைக்காக இங்க வராதீங்க. முட்டை கிடைக்குது, அல்ஹம்துலில்லாஹ். தண்ணிதான் கிடைக்கல. ஒரு நாளைக்கு இத்தினி டம்ளருன்னு அளந்து குடிக்கணும். மெஷின்ல இருந்து எந்திரிச்சா அன்னிக்கு முழுக்க நான் மனுசனே இல்ல."

"பேரப் புள்ளைங்க இருக்கா பாய்?"

"நாலு."

"கூட உக்காந்து சாப்புடுவீங்களா?"

அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "சாப்புடுவேன்" என்றார். மாமாவுக்கு அந்த ஒரு பதில் போதுமாக இருந்தது. மற்றதெல்லாம் அவர் காதில் விழவில்லை.

டயாலிசிஸ் எப்படியும் ஒருநாள் தேவைப்படும் என்பதால் இடது கையில் ரத்தக்குழாய்களை இணைக்கும் சின்ன அறுவை சிகிச்சையை இப்போதே செய்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னார். குழாய் பருத்துத் தயாராக மாதங்கள் ஆகுமாம். அது முடிந்தது. அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே விர்ரென்று ஓடுவது தெரியும். குழந்தை காதை வைத்துக் கேட்டுவிட்டு, "தாத்தா கையில வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கை தயார். இனி அவரைத் தடுப்பது என்ன?

வீட்டில் இதைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். என் கணவர், "நீ ஏன் எல்லாத்தையும் தலையில போட்டுக்கற? அப்பா வயசுக்கு அவருக்குத் தோணறத செய்யட்டும்" என்றார். தலையில் போட்டுக்கொள்ளாமல் இருக்க வேண்டுமானால் யாராவது அதை வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் மறுநாள் காலை வேலைக்குப் போய்விட்டார். அத்தை, "மெஷின்னா யாரு கூட்டிட்டுப் போறது? வாரத்துல மூணு நாள் நீயும் நானும் பஸ்ல போவோமா, கொழந்தய யாரு பாப்பா?" என்றார். அதுவும் நியாயம். என் அம்மா, "கொழந்தயக் கொஞ்ச நாள் இங்க கொண்டாந்து விடு" என்றார். கொண்டுபோய் விட்டேன். அங்கே அவள் சாப்பிட்டாள், கொஞ்சம். இங்கே மாமா சாப்பிடவே இல்லை. காய்ச்சல்காரரைப் போலப் படுத்தே இருந்தார். ஒரு வாரம் தாங்காமல் திரும்ப அழைத்துவந்துவிட்டேன்.

வந்த அன்று மத்தியானம் மாமா என்னைக் கூப்பிட்டார்.

"ஒக்காரும்மா. நான் ஒண்ணு சொல்றேன். இன்னும் ஒரு வருசமோ, ஒன்ற வருசமோ. அதுக்குள்ள கொழந்த பள்ளிக்கூடம் போயிடும். டிபன் பாக்ஸ்ல தானாச் சாப்புடும். கண்டக்டர் வேணாம்னுடும். அதுவரைக்கும் ஓட்டிக்கறேன். மெஷின் ஒரு வருசம் முன்னாடி வந்தா வந்துட்டுப் போவுது."

"மாமா, முன்னாடி வந்தா அப்புறம் விட முடியாது. ஒரு வருசத்துல அது முடிஞ்சிடாது."

"தெரியும்மா. பஸ்ல தான வரச்சொல்றாங்க. எனக்குத் தெரியாத பஸ்ஸா?"

நான் எழுந்து வந்துவிட்டேன். அவர் கொடுக்க நினைப்பது அவருடைய வருடம். அதை என் மகளுக்காக வாங்கிக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்ல உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

இப்போது எங்களுக்குள் ஒரு பேச்சு இருக்கிறது. மத்தியானம் வண்டி ஓடும். அதற்கு ஈடாகக் காலையிலும் ராத்திரியிலும் மாமா பருப்பு, பால், தயிர் எதையும் தொடமாட்டார். அவரே சொன்ன யோசனை. அன்றைக்குச் சேர வேண்டிய புரோட்டீன் முழுவதும் அந்தக் கிண்ணத்திலிருந்து மட்டும் வர வேண்டும். உணவு ஆலோசகர் யோசித்துவிட்டுச் சரி என்றார், ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொன்னார்: சோறாகவாவது வயிறு நிறையச் சாப்பிட வேண்டும், சர்க்கரையை மருந்தில் பார்த்துக்கொள்ளலாம். பட்டினி கிடந்தால் உடம்பு தன் தசையையே உடைத்துத் தின்னும், அதுவும் யூரியாவாகத்தான் ஏறும்.

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதி சுத்தமாகப் போய்விட்டது. அவர் சாப்பிட்டாலும் பயம், சாப்பிடாவிட்டாலும் பயம். ராத்திரி ரசஞ்சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தால் ஏன் வைத்தீர்கள் என்று கேட்கிறேன். "போதும்மா" என்கிறார். உண்மையிலேயே போதுமா, மறுநாள் மத்தியானத்துக்கு இடம் வைக்கிறாரா என்று யோசிக்கிறேன். பனியன் தோளில் தொங்குகிறது. முன்பு அதே பனியன் அவருக்கு இறுக்கமாக இருக்கும். குழந்தை கொஞ்சம் கொஞ்சமாகப் பூசினாற்போல ஆகிறாள். பார்க்கிறவர்கள், "இப்பதான் பாப்பா கண்ணுக்கு அழகா இருக்கா" என்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தை முழுசாக வாங்கிக்கொள்ள முடியவில்லை. அவள் கன்னத்தைத் தொடும்போது மாமாவின் தோள் ஞாபகம் வருகிறது.

அடுத்த பரிசோதனை வரப்போகிறது. யூரியா இன்னும் ஏறியிருந்தால் இந்தப் பேச்சை நான் முறிக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்வார். மாமா முறிக்க விடமாட்டார். ஏறாமல் இருந்தால் இப்படியே ஓட்டலாம். எது நடந்தாலும் மறுநாள் காலையில் குக்கரை வைக்க வேண்டியவள் நான்தான்.

இதைப் படிக்கிறவர்களில் யார் வீட்டிலாவது ஒரு சின்னக் குழந்தையும் ஒரு கிட்னி நோயாளியும் ஒன்றாக இருந்திருக்கலாம். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். கீரை, வேர், கஷாயம் வேண்டாம். அவையெல்லாம் அத்தையிடம் ஏற்கெனவே ஒரு பை நிறையச் சேர்ந்துவிட்டன. மருத்துவர் சொல்வதை நாங்கள் மீறப்போவதில்லை. எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: கூடச் சாப்பிடுகிற ஆளைக் குழந்தையின் மனம் நோகாமல் எப்படி விலக்கினீர்கள்? என்ன வயதில் அவர்கள் தானாகச் சாப்பிட ஆரம்பித்தார்கள்? விலக்கிய பிறகு பெரியவர்கள் எப்படி இருந்தார்கள், சாப்பிட்டார்களா? டயாலிசிஸைக் கொஞ்சம் முன்னாலேயே ஏற்றுக்கொண்டவர்கள் இருந்தால், அதற்காகப் பின்னால் வருத்தப்பட்டீர்களா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பதில் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. பரிசோதனைக்குப் போவதற்குள் வந்தால் நல்லது.